ஹைட்ரஜனைத் திறக்கும் முன்: ஆய்வகச் சோதனைகளில் வெடிப்பைத் தடுக்கும் முறை

துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிய முதல் நிமிடத்தில் குடுவைக்குள் இருப்பது ஹைட்ரஜன் அல்ல. ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்த கலவை. அந்த நேரத்தில் வெளிக்குழாயின் நுனியில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் நுனியில் நிற்காது. குழாய் வழியே பின்னோக்கி ஓடிக் குடுவைக்குள் புகுந்து கண்ணாடியைச் சிதறடிக்கும். வெளிவரும் வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து, தள்ளி எடுத்துச் சென்று பற்றவைத்து, 'பொப்' என்ற வெடியொலி இல்லாமல் அமைதியாக எரிகிறதா என்று பார்த்த பிறகு அதே நுனியில் அதே தீக்குச்சியைக் காட்டினால், ஒரு சிறு சுடர் நின்று எரியும். கருவியும் மாறவில்லை, வாயுவும் மாறவில்லை, தீயும் மாறவில்லை. உள்ளே இருந்த காற்றின் பங்கு மட்டும்தான் மாறியது.

பள்ளிக்கூட மேசையில் நடக்கும் இந்தச் சோதனைக்கும், பல லட்சம் செலவில் அமைத்த, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தின் சோதனை அமைப்புக்கும் விதி ஒன்றே. ஹைட்ரஜனை வைத்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தீப்பொறியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தீப்பொறி எங்கிருந்தும் வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, பற்றக்கூடிய கலவையே உருவாகாதபடி பார்ப்பதுதான் முதல் வேலை என்பது என் துணிபு. கீழே உள்ள வழிமுறைகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

எதனோடு மோதுகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

ஹைட்ரஜன், காற்றில் கன அளவில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை இருக்கும்போது தீப்பற்றும். மீத்தேனுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம்தான். மீத்தேன் ஓர் அறையில் மிகுந்துவிட்டால் எரிய முடியாத நிலைக்குப் போய்விடும். ஹைட்ரஜனில் அந்த ஆறுதல் அநேகமாகக் கிடையாது. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனோடு கலந்தால் மேல் எல்லை 94 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஏறத்தாழ 18 முதல் 59 சதவீதம் வரையிலான கலவைகளில் சாதாரண எரிதல் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அதிர்வெடிப்பாக மாறவும் கூடும். குறிப்பாக நீண்ட குழாய்களுக்குள்ளும், தடைகள் நிறைந்த கலன்களுக்குள்ளும் இந்த மாற்றம் எளிதாக நடக்கும்.

கலவையைப் பற்றவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 0.02 மில்லிஜூல். மீத்தேனுக்கு அது 0.28 மில்லிஜூல் அளவில் இருக்கிறது. ஹைட்ரஜன் சுடர், மீத்தேன் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதோடு, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய இடுக்கின் வழியாகக்கூட ஊடுருவிச் செல்லும். மீத்தேன் சுடருக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே சமையல் வாயுவுக்கோ இயற்கை வாயுவுக்கோ செய்யப்பட்ட சுடர்த்தடுப்பானை ஹைட்ரஜன் குழாயில் பொருத்துவது பாதுகாப்பு ஆகாது. ஹைட்ரஜனுக்கென்றே சான்றளிக்கப்பட்டது என்று அதன் மேல் எழுதியிருக்க வேண்டும்.

நிறமும் மணமும் இல்லாத வாயு இது. சமையல் வாயுவில் சேர்ப்பதுபோல் நாற்றமூட்டி எதையும் ஆய்வக ஹைட்ரஜனில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வினையூக்கிகளும் மின்கலங்களும் கெட்டுவிடும். போதாக்குறைக்கு, தூய ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ராக்கெட் எரிபொருள் நிலையங்களில் முற்காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடப்பார்கள். துடைப்பம் எரியத் தொடங்கினால் அங்கே சுடர் இருக்கிறது என்று அர்த்தம். கேலிக்குரியதாகத் தோன்றினாலும், கையை நீட்டிப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அளவைக் கணக்கிடுதல்

எந்த விதியையும் விடப் பலன் தருவது, ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது. முதல் கணக்கு, இருக்கும் மொத்த ஹைட்ரஜனும் ஒரே நேரத்தில் அறைக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது. 47 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் இருக்கும் வாயு, சாதாரண அழுத்தத்துக்கு வந்தால் ஏறக்குறைய 7 கன மீட்டர் ஆகும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். அதில் 4 சதவீதம் என்பது 2.4 கன மீட்டர். ஒரே ஒரு சிலிண்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு காலியானால் போதும், முழு அறையும் சராசரியாகவே தீப்பற்றும் எல்லையைத் தொட்டுவிடும். உண்மையில் வாயு சமமாகப் பரவுவதற்கு முன்பே கூரையை ஒட்டிய பகுதி எல்லையைத் தாண்டியிருக்கும்.

இரண்டாவது கணக்கு, எவ்வளவு நேரத்தில் அது நடக்கும் என்பது. முழுமையாக நிரம்பிய சிலிண்டரின் உயர் அழுத்தப் பக்கத்தில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை விழுந்தால், தொடக்கத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் 70 லிட்டர் வாயு வெளியேறும். மேலே சொன்ன 2.4 கன மீட்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காற்றோட்ட விசிறி இதை ஈடுகட்டாது. அறையிலிருப்பவர் எழுந்து வால்வை மூடப் போகும் நேரம்கூட இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு முடிவுகள் தாமாகவே வரும். சிலிண்டரை இயன்றவரை கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான கூண்டில் வைத்து, மெல்லிய எஃகுக் குழாய் மூலம் வாயுவை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அது முடியாத இடத்தில், வெளியேற்றும் காற்றோட்டம் பொருத்திய சிலிண்டர் அலமாரியோ, மிகச் சிறிய சிலிண்டரோ, நீரை மின்சாரத்தால் பிரித்துத் தேவைக்கேற்ப மட்டும் வாயுவை உண்டாக்கும் மின்பகுப்பு ஹைட்ரஜன் ஜெனரேட்டரோ நல்ல மாற்று. ஜெனரேட்டரின் பெரிய நன்மை, அதற்குள் எந்த நேரமும் சேமிப்பில் இருக்கும் வாயு மிகக் குறைவு என்பதே. ரெகுலேட்டருக்கு அடுத்தபடியாக, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்துளைத் தடுப்பானையோ, அளவுக்கு மீறிய ஓட்டத்தில் தானே மூடிக்கொள்ளும் வால்வையோ பொருத்தினால், குழாய் அறுந்தாலும் கசிவு நீங்கள் கணக்கிட்ட அளவுக்குள் நிற்கும். சோதனைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும் என்றால், நூறு லிட்டர் தரக்கூடிய பாதையைத் திறந்து வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

கலனுக்குள் வெடிப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே தாளில் எழுதிக்கொள்ளலாம். மூடிய கலனில், சரியான விகிதத்தில், அதாவது ஹைட்ரஜன் 29.5 சதவீதம் உள்ள காற்றுக் கலவை பற்றினால் அழுத்தம் தொடக்க அழுத்தத்தைப்போல் சுமார் 8 மடங்கு ஏறும். வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கினால் 8 பார். 5 பாரில் தொடங்கினால் 40 பார். அதிர்வெடிப்பாக மாறினால் இந்த எண்களை நம்ப முடியாது, இன்னும் அதிகம். ஒரு லிட்டர் குடுவையில் நிறைந்த அத்தகைய கலவையில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 3 கிலோஜூல். 30 கிலோ எடையைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தனையும் கண்ணாடித் துண்டுகளை எறியப் பயன்படாது என்றாலும், ஒரு சிறு பங்கே கண்ணைப் பறிக்கப் போதும்.

சிலிண்டர், குழாய், கசிவுச் சோதனை

சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுவது, வால்வு மூடி இல்லாமல் நகர்த்தாமல் இருப்பது ஆகியவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்து வாயுவை முடிவு செய்யாதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிற முறை நாட்டுக்கு நாடு மாறும், ஒட்டப்பட்ட சீட்டைத்தான் படிக்க வேண்டும். எரியும் வாயுக்களின் இணைப்பு மரை பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றுவது. திருகு ஏறவில்லை என்றால் பொருந்தாத ரெகுலேட்டரைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்றே பொருள், இடைத்துண்டு தேடி இணைக்கக் கூடாது.

வேறு வாயுக்களுக்கு, ரெகுலேட்டரைப் பொருத்தும் முன் வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதி வெளியேற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. ஹைட்ரஜன் சிலிண்டரில் அதைச் செய்யவே கூடாது. அழுத்தத்துடன் பீறிடும் வாயு, எந்தத் தீக்குச்சியும் இல்லாமல் தானே பற்றிக்கொண்ட நிகழ்வுகள் உண்டு. வாயில் படிந்த தூசியைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

குழாய்க்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு நல்ல தேர்வு. ஹைட்ரஜன் அணுக்கள் வலிமை மிகுந்த எஃகுகளுக்குள் ஊடுருவி அவற்றை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும் என்பதால், எங்கிருந்தோ கிடைத்த உயர் அழுத்தக் குழாயையும் போல்ட்டுகளையும் பயன்படுத்தக் கூடாது. வார்ப்பிரும்புப் பாகங்கள் அறவே வேண்டாம். ரப்பர் குழாய்ச் சுவர் வழியாகவே வாயு மெதுவாகக் கசியும். இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு சாத்தியமான கசிவு.

கசிவைச் சோதிப்பது ஹைட்ரஜனைத் திறந்த பிறகு அல்ல, அதற்கு முன். முதலில் முழு அமைப்பையும் நைட்ரஜனால் வேலை அழுத்தத்துக்கு நிரப்பி, வால்வை மூடி, அழுத்தமானியில் முள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் விடுங்கள். அறையின் வெப்பநிலை மாறாதிருந்தும் முள் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். கொப்பளம் உடனே வராது என்பதால் அவசரப்படுபவர்கள் ஏமாந்துபோவார்கள். ரெகுலேட்டர் நட்டின் அடிப்பக்கத்தில், கண் படாத இடத்தில், கடுகு அளவு நுரை முதலில் பால்போல் வெளுத்து, பிறகு மெல்ல மெல்லப் பட்டாணி அளவுக்கு உப்பி, உடைந்து, அதே இடத்தில் மறுபடி தோன்றும். ஒரு நிமிடம் கண் எடுக்காமல், சிறு கண்ணாடி ஒன்றை அடியில் காட்டி வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது தெரியும். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை இப்படி நட்டின் அடியிலும், முந்தைய நாள் யாரோ கழற்றி மறுபடி பூட்டிய இணைப்பிலும்தான் இருந்தன. நைட்ரஜனில் கசியாத இணைப்பு ஹைட்ரஜனில் கசியலாம், அதன் மூலக்கூறு அவ்வளவு சிறியது. ஆகவே நுட்பமான வேலைக்கு ஹீலியம் கொண்டு கசிவு கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

காற்றை வெளியேற்றுதல், ஹைட்ரஜனை வெளியேற்றுதல்

சோதனைக் கலனில் காற்று இருக்கும்போது ஹைட்ரஜனை நேராக விடுவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய, மிகப் பொதுவான தவறு. நடுவில் நைட்ரஜன் அல்லது ஆர்கான் போன்ற மந்த வாயு வர வேண்டும். நைட்ரஜன் நிரம்பிய சூழலில் ஆக்சிஜன் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஹைட்ரஜன் பற்றாது. ஆய்வகத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோவதை இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

நைட்ரஜனை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வெளியேற்றிக்கொண்டே இருப்பது எளிது. ஆனால் அழுத்தமானியின் உட்குழாய், மூடிய கிளைக்குழாய் போன்ற முட்டுச்சந்துகளில் உள்ள காற்று அப்படியே தங்கிவிடும். அழுத்தத்தை ஏற்றி இறக்கும் முறை அங்கேயும் வேலை செய்யும். கலனை நைட்ரஜனால் அழுத்தமானியில் 2 பார் காட்டும் வரை, அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்து 3 பார் வரை நிரப்பி, பிறகு வளிமண்டல அழுத்தத்துக்குத் திறந்துவிட்டால் உள்ளே உள்ள ஆக்சிஜன் மூன்றில் ஒன்றாகும். முதல் முறையில் 21 சதவீதம் 7 ஆகும், இரண்டாவதில் 2.3, மூன்றாவதில் 0.8. மூன்று முறை போதும்.

பலர் மறந்துவிடுவது திரும்பி வரும் வழியை. சோதனை முடிந்து கலனைத் திறக்கும்போது, அதில் 100 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தால், அதே மூன்று முறைக்குப் பிறகு மிச்சம் 3.7 சதவீதம், தீப்பற்றும் கீழ் எல்லைக்குச் சற்றே கீழே, பாதுகாப்பு இடைவெளி ஏதுமின்றி. நான்காவது முறையில் 1.2 ஆகும், ஐந்தாவதில் 0.4. உள்ளே போகும்போது மூன்று, வெளியே வரும்போது ஐந்து என்று எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டிவிடலாம். எத்தனை முறை செய்தோம் என்று எண்ணுவதைவிட, கடைசியில் வெளிவரும் வாயுவை அளவுமானியில் பார்த்து உறுதி செய்வது இன்னும் நம்பகமானது. வெளியேற்றும் குழாயின் வாய் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதும், வேறொரு சோதனையின் ஆக்சிஜன் வெளியேற்றுக் குழாயோடு அதை இணைக்கக் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தாலும், இரண்டையும் ஒரே குழாயில் கட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

காற்றோட்டமும் உணரியும்

ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு லேசானது. கசிந்தவுடன் மேலே போகும். ஆகவே வெளியேற்றும் வாய் அறையின் மிக உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். பொய்க்கூரையும், விட்டங்களுக்கு இடைப்பட்ட குழிகளும் வாயு தங்கிவிடும் இடங்கள். ஆனால் லேசானது என்பதை மிகையாக நம்பிவிடவும் கூடாது. வேகமாகப் பீறிடும் வாயு, பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ காற்றோடு கலந்துவிடும். ஒருமுறை கலந்துவிட்டால் அது தானாகப் பிரிந்து கூரைக்குப் போகாது.

நிமிடத்துக்கு அரை லிட்டர் கசிவை ஒரு சதவீதத்துக்குள் வைக்க நிமிடத்துக்கு 50 லிட்டர் புதுக் காற்று போதும். சாதாரண ஃபியூம் ஹூட், அதாவது உள்ளே வரும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு, இதைப் பன்மடங்கு மிகையாகவே தரும். ஆகவே சிறு கசிவுகளுக்கு ஹூட் சிறந்த காவல். விசிறி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வை ஹைட்ரஜன் பாதையில் வைத்து, காற்றோட்டம் நின்றாலும் உணரி ஒலித்தாலும் அது மூடும்படி இணைக்க வேண்டும். மனிதர் யாரும் ஓடிப்போய் மூட வேண்டிய அமைப்பு, இரவில் ஆளில்லாமல் ஓடும் சோதனைக்கு அமைப்பே அல்ல.

உணரியை, கசிவு வரக்கூடிய இடத்துக்கு நேர் மேலே ஒன்றும், கூரையின் உச்சியில் ஒன்றுமாக வைக்கலாம். கீழ் எல்லையின் 10 சதவீதம், அதாவது காற்றில் 0.4 சதவீதம் ஹைட்ரஜன் வந்தால் எச்சரிக்கையும், 25 சதவீதம், அதாவது ஒரு சதவீதம் ஹைட்ரஜன் வந்தால் வாயு நிறுத்தமும் நடக்கும்படி அமைப்பது பரவலான வழக்கம். வினையூக்கி வகை உணரி வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் அது சுழியத்தைக் காட்டி உங்களை ஏமாற்றும், அங்கே வெப்பக் கடத்துத்திறனை அளக்கும் வகைதான் வேண்டும். சிலிக்கோன் பசை, சிலிக்கோன் எண்ணெய் ஆகியவற்றின் ஆவி வினையூக்கி உணரியைச் சத்தமில்லாமல் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில், தெரிந்த அளவுள்ள சோதனை வாயுவை அதன் முகத்தில் விட்டு, ஒலிக்கிறதா என்று பார்க்காத உணரியைச் சுவர் அலங்காரமாகவே கருத வேண்டும். இன்னொரு சிறு தகவல்: கார்பன் மோனாக்சைடு உணரிகள் பலவும் ஹைட்ரஜனுக்கும் எதிர்வினை காட்டும். காரணம் புரியாமல் அது அடித்தால், பழுது என்று அணைத்துவிடும் முன் ஹைட்ரஜன் குழாயைப் பார்த்துவிடுங்கள்.

தீப்பொறி

இரண்டாவது அரண் இதுதான், முதலாவது அல்ல. ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் கொண்டது. நடந்து வந்தவர் உடலில் 3,000 வோல்ட் நிலைமின்சாரம் ஏறியிருந்தால் அதில் அடங்கிய ஆற்றல் 0.45 மில்லிஜூல், ஹைட்ரஜனுக்குத் தேவையானதைப் போல் 20 மடங்குக்கு மேல். 1,000 வோல்ட்டில் அது 0.05 மில்லிஜூல், அந்த அளவு பொறியை நாம் விரலில் உணரக்கூட மாட்டோம், ஆனால் கலவை பற்றிக்கொள்ளும். எந்தத் தீப்பொறியும் வரவில்லையே, எப்படி வெடித்தது என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கே பதில்.

2016 மார்ச் 16 அன்று ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு கலவையை 49 லிட்டர் தொட்டியில் அழுத்தத்தில் சேமித்து நுண்ணுயிர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டி வெடித்து ஆராய்ச்சியாளர் ஒருவர் கையை இழந்தார். முதலில் சந்தேகம் விழுந்தது வெடிப்புச் சூழலுக்கென வடிவமைக்கப்படாத மின்னணு அழுத்தமானியின் மேல். பின்னர் நடந்த விரிவான ஆய்வு, எர்த் செய்யப்படாத தொட்டிக்கும் அதைத் தொட்டவருக்கும் இடையே ஏற்பட்ட நிலைமின் பொறியே காரணமாக இருக்கக்கூடும் என்று சொன்னது. எந்தப் பொறி என்பதில் இருந்த விவாதம் ஒருபுறம் இருக்க, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே தொட்டியில் அழுத்தத்தில் சேர்த்து வைத்த பிறகு ஏதோ ஒரு பொறி வருவது காலத்தைப் பொறுத்த விஷயம்தான். இரண்டையும் தனித்தனியே கொண்டுவந்து, பயன்படும் இடத்தில், பற்றும் எல்லைக்கு வெளியே உள்ள விகிதத்தில் கலப்பதே சரியான முறை.

இருப்பினும் இரண்டாவது அரணையும் கட்ட வேண்டும். உலோகப் பாகங்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து எர்த் செய்ய வேண்டும். பருத்தி உடை, நிலைமின்சாரத்தைக் கடத்தும் காலணி அணிய வேண்டும். வாயு தங்கக்கூடிய இடத்தில் உள்ள மின்கருவிகள் ஐஐசி எனக் குறிக்கப்படும் வாயுப் பிரிவுக்குச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் இடம்பெறும் பிரிவு அதுதான். கிளறி மோட்டார், வெப்பக்காற்றுத் துப்பாக்கி, சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் உட்புற ஸ்விட்ச் ஆகிய மூன்றும் அடிக்கடி கண்ணில் படாமல் தப்பிவிடும்.

எதிர்பாராமல் ஹைட்ரஜன் வரும் இடங்கள்

சிலிண்டர் இருக்கும் அறையில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஹைட்ரஜன் இருக்கிறது என்றே தெரியாத இடம்தான் வெடிக்கும்.

கலவையை ஆவியாக்கிக் கூறு கூறாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப் கருவி நல்ல உதாரணம். சுடர் உணரிக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் அளவில் ஹைட்ரஜன் போய்க்கொண்டிருக்கும். கூறுகளைப் பிரிக்கும் குழாயை (column) கழற்றியவர் உணரியின் அடிவாயை அடைக்க மறந்து, ஹைட்ரஜனையும் மூட மறந்தால், அந்த ஹைட்ரஜன் நேராகக் கருவியின் சூடேற்றும் பெட்டிக்குள் இறங்கும். அந்தப் பெட்டி 15 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், அங்கே 4 சதவீதம் என்பது 600 மில்லிலிட்டர். பதினைந்து நிமிட வேலை. ஒரு தேநீர் இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்து, கனமான கதவை மூடி, சூடேற்றும் பொத்தானை அழுத்துபவருக்கு அருகில் மணமோ ஒலியோ எந்த அடையாளமும் இருக்காது. கதவு தெறித்து முன்னால் வரும். அந்தக் குழாயைத் தொடும் முன் ஹைட்ரஜனை மூலத்திலேயே மூடுவதும், அடைப்பான் இட்ட பிறகே திறப்பதும் மட்டுமே இதற்குத் தீர்வு.

ஈய-அமில பேட்டரிச் சோதனையும் அப்படித்தான். முழுமையாக ஏறிய பின்னும் மின்னேற்றம் தொடர்ந்தால் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜனை வெளிவிடும். ஆறு செல் கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் ஓடினால் மணிக்கு 25 லிட்டர். கூடவே அதில் பாதி அளவு ஆக்சிஜன். 500 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய அலமாரியில் அது ஒரு மணி நேரத்துக்குள் பற்றும் எல்லையைத் தொடும்.

மின்பகுப்புக் கருவிகளைச் சோதிப்பவர்கள் வேறொரு பொறியில் சிக்குகிறார்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்து வைக்கும் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொஞ்சம் வாயு எப்போதும் கசியும். முழு மின்னோட்டத்தில் உற்பத்தி அதிகம் என்பதால் கசிவின் பங்கு பொருட்படுத்தத் தக்கதல்ல. மின்னோட்டத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும், கசிவு குறையாது, ஆகவே மாசின் விகிதம் ஏறும். குறைந்த மின்னோட்டம் பாதுகாப்பானது என்ற இயல்பான எண்ணம் இங்கே தலைகீழாகிறது. தென் கொரியாவின் காங்னுங் நகரில் 2019 மே 23 அன்று ஹைட்ரஜன் சேமிப்புத் தொட்டிகள் வெடித்து 2 பேர் இறந்தனர், 6 பேர் காயமடைந்தனர். ஹைட்ரஜன் தொட்டிக்குள் ஆக்சிஜன் புகுந்து பற்றும் அளவைத் தாண்டியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. இரு வெளியேற்றுப் பாதைகளிலும் வாயுத் தூய்மை அளவுமானி இல்லாமல், ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்துக்குக் கீழே தானாக நிற்கும் ஏற்பாடு இல்லாமல், மின்பகுப்புக் கருவியைத் தொட்டியோடு இணைக்கவே கூடாது.

சேர்மங்களோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் ஹைட்ரஜனேற்ற வினைகளில் வினையூக்கியாகப் பயன்படும் பல்லேடியம்-கார்பன் தூள், வினை முடிந்த பின்னும் ஹைட்ரஜனைத் தன்னுள் தாங்கி நிற்கும். வடிகட்டும்போது தாளில் தங்கும் கறுப்புப் படிவம் உலர்ந்து, காற்றுப் பட்டால் தானே சிவந்து கனன்று, அருகில் உள்ள கரைப்பான் ஆவியைப் பற்றவைக்கும். ஆகவே வினையூக்கியைச் சேர்ப்பதும் வடிகட்டுவதும் நைட்ரஜன் சூழலில். படிவம் ஒருபோதும் உலரக் கூடாது. வடிகட்டிய தாளை நீரில் நனைத்துத் தனிக்கலனில் போட வேண்டும், குப்பைத்தொட்டியில் அல்ல.

உணரி ஒலித்தால், சுடர் தெரிந்தால்

உணரி ஒலித்தவுடன் மின்விளக்கு ஸ்விட்சையோ விசிறியையோ தொடாமல், வெளியே அல்லது வாசலருகே உள்ள நிறுத்து பொத்தானால் வாயுவை மூடிவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அந்தப் பொத்தான் அறையின் உள்மூலையில் இருந்தால், அதை இடம் மாற்றுவதே இன்றைய வேலை.

வாயு கசிந்து ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், மூலத்தை மூட முடியாத வரை சுடரை அணைக்கக் கூடாது. எரியும் கசிவு அந்த இடத்தில் மட்டும் எரிகிறது. அணைத்துவிட்டால் அதே வாயு அறையில் சேர்ந்து வெடிக்கும். வால்வை எட்ட முடிந்தால் மூடுங்கள், சுடர் தானே அடங்கும். முடியாவிட்டால் அருகிலுள்ள சிலிண்டர்களைத் தூரத்திலிருந்து நீர் பீய்ச்சிக் குளிர்வித்தபடி தீயணைப்புத் துறையை அழையுங்கள். கண்ணுக்குத் தெரியாத சுடருக்கு வெப்பப் படக் கருவியோ புற ஊதாச் சுடர் உணரியோ உதவும்.

அறைக்குத் திரும்பும் முன் கையடக்க அளவுமானியால் கூரைப்பக்கம் வரை அளக்க வேண்டும். காரணம் கண்டுபிடிக்கப்படாமல், கண்டுபிடித்தது எழுதப்படாமல் சோதனையை மறுபடி தொடங்கக் கூடாது. கலனுக்குள்ளிருந்து வந்த ஒரு சிறு 'டக்' ஒலியும், தொட்டபோது விரலில் உணர்ந்த சிறு மின் அதிர்ச்சியும்கூட இந்த விதியில் அடங்கும். ஹவாய் விபத்துக்கு முந்தைய நாள், அதே வாயுக் கலவை அடைத்த ஒரு சிறிய கலனுக்குள் வெடிப்பொலி ஒன்று கேட்டிருந்தது. கலன் உடையவில்லை, யாருக்கும் காயமில்லை, மறுநாள் வேலை தொடர்ந்தது.